விலைச்சீட்டு: விளக்கா, வலையா?

கோயில் வாயிலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட இளைஞர்கள், கடை வாயிலில் மட்டும் வாய் மூடி நிற்பது ஏன்? அங்கே தொங்கும் பலகையும் பேசுகிறது. துணியில் கட்டிய சீட்டும் பேசுகிறது. அவை பேசுவது மெய்யா, பொய்யா? எண்ணிப் பார்க்க வேண்டாமா?

விலைச்சீட்டு பிறந்த கதை பெருமைக்குரியது. முன்னாளில் விலை பொருளைப் பொறுத்ததாக இல்லை. ஆளைப் பொறுத்ததாக இருந்தது! வந்தவரின் உடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, முகத்தில் தெரியும் தேவையைப் பார்த்து விலை சொன்னார் வணிகர். பேரம் அறிந்தவர் பிழைத்தார், அறியாதவர் இழந்தார். இது நேர்மைக்குப் பொருந்தாது என்று 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் உரைத்தனர். எவர்க்கும் ஒரே விலை என்றனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிசு நகரத்துப் போன் மார்ஷே அங்காடி, விலையைக் குறித்து வைத்தே விற்றது. 1861-இல் பிலடெல்பியாவில் கடை திறந்த ஜான் வானமேக்கர், அமெரிக்காவில் அம்முறையைப் பரப்பினார். செல்வர்க்கும் ஏழைக்கும், படித்தவர்க்கும் பாமரர்க்கும் ஒரே விலை! அச்சிறு தாள் சமத்துவத்தின் சான்றிதழ் அன்றோ?

அந்தச் சான்றிதழை இன்று தூண்டிற் புழுவாக்கிவிட்டனர். ‘நூற்றுக்கு ஐம்பது தள்ளுபடி’ எனச் சிவப்பெழுத்து ஆளுயரம் நிற்கும்; ‘வரை’ என்னும் சொல் மூலையில் எறும்பளவாய் ஒளிந்திருக்கும். ஆயிரத்தை அடித்துவிட்டு அறுநூறு என்று எழுதுவர். அந்த ஆயிரத்துக்கு அப்பொருள் என்றேனும் விற்றதுண்டா? 999 என்பர்; கண் ஒன்பதைக் காணும், கை ஆயிரத்தை நீட்டும்!

‘ஐம்பது, அதன்மேல் இருபது’ என்று இன்னொரு பலகை. எழுபது கழிந்தது என மகிழ்கிறோம். என் வகுப்புச் சிறுவர் போடும் கணக்குதான், போட்டுப் பாருங்கள்: ஆயிரத்தில் பாதி போனால் 500, அந்த 500-இல் நூற்றுக்கு இருபது போனால் 400. கழிந்தது அறுபதே, எழுபது அன்று! ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதோ மூன்றில் ஒரு பங்குக் கழிவு. தேவை ஒன்றே எனில் அதுவும் வீண் செலவு. அட்சய திருதியைப் பலகைக்கோ கணக்கே வேண்டாம். மூடநம்பிக்கையே அங்கு முதல்!

பலகை எழுதும் தொழிலாளியை நான் பழிக்கவில்லை. கூலிக்கு உழைப்பவர் அவர். எழுதச் சொல்பவரே பொறுப்பாளி.

“வாணிபத்துக்குக் கவர்ச்சி வேண்டாமா?” என்பர். வேண்டும், வண்ணம் தீட்டட்டும், விளக்கேற்றட்டும். ஆனால் கண்ணைக் கவர்வது வேறு, காசைக் கவர்வது வேறு. வணிகரின் நடுநிலையைப் பட்டினப்பாலை பாடிய நாட்டில் இந்த வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

“சட்டம் இருக்கிறதே!” என்பர். இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திசைதிருப்பும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. தூண்டில் விளம்பரங்களுக்கென 2022-இல் நெறிமுறைகளும் வந்தன. முறையிடுவார் இல்லையெனில் சட்டம் தூங்காமல் என்ன செய்யும்?

மொழியையும் பாருங்கள். கடையின் பெயர்ப்பலகை தமிழில் வேண்டும் என்கிறது தமிழ்நாட்டு விதி. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு மைய அரசு விதிகளோ, விலை முதலிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. பிற மொழியைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. பெயர் தமிழில், விவரம் புரியாத மொழியில்! வாசற்படி நமக்கு, உள்ளறை யாருக்கு?

நாம் கேட்பது மூன்று. அடித்த விலை, உண்மையில் விற்ற விலையாக இருக்கட்டும். ‘வரை’ என்னும் சொல், எண்ணின் அளவுக்கே எழுதப்படட்டும். விலையும் விவரமும் தமிழில் விளங்கட்டும்.

இளைஞரே, அடுத்த முறை அங்காடிக்குள் நுழையுமுன் பலகையைப் படியுங்கள், கணக்கைப் போடுங்கள், ஐயம் எழுந்தால் வினவுங்கள், பொய் எனில் முறையிடுங்கள். உழைத்துச் சேர்த்த கூலியோடு பின்னால் வரும் தாய்க்கு, அந்த ஒரு கேள்வி காவலாகும்.