கல்லாவில் விண்டோஸ், வீட்டில் மேக்: இரண்டையும் ஒத்துப்போகச் செய்வோம்

மலைமேல் உள்ள நம் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதால், பழையதை மாற்ற வேண்டிய கட்டாயம் பல உறுப்பினர்களுக்கு வந்திருக்கிறது. இதே சமயத்தில் சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் படித்த நம் பிள்ளைகள், கையில் ஆப்பிள் மேக்குடன் ஊர் திரும்புகிறார்கள். "அப்பா, இதையே கடைக்கும் வைத்துக்கொள்ளலாம்" என்று பிள்ளை சொல்ல, "மேக் கடைக்கு உதவவே உதவாது, தள்ளி வையுங்கள்" என்று கம்ப்யூட்டர் விற்பவர் சொல்ல, நடுவில் குழம்புகிறவர் கடைக்காரர்.

இரண்டு பேச்சுமே சரியல்ல என்பது நமது கருத்து. இரண்டும் ஒரே கடையில் இருக்கலாம். ஆனால் கணக்கு ஒன்றில்தான் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பைல் இரண்டுக்கும் புரியும் வடிவில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காமல் போனால் நஷ்டம் கம்ப்யூட்டருக்கு அல்ல, நமக்கு.

பஸ் நிற்கும் இடத்துக்கே ஒண்டிக்கடை என்று பெயர் வைத்த ஊர் நம்முடையது. ஆனால் இன்று எந்தக் கடையும் ஒண்டியாக நின்று வியாபாரம் செய்ய முடியாது. சரக்கு செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் லீ பஜாரிலிருந்தும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகிறது. கணக்கு ஆடிட்டருக்குக் கீழே போகிறது. விலைப்பட்டியல் அச்சகத்துக்குப் போகிறது. இவர்கள் ஒவ்வொருவரும் என்ன கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆகவே நம் வீட்டில் மேக் இல்லாவிட்டாலும் இந்தப் பிரச்னை நமக்கு உண்டு.

முதலில் கணக்கு. நம்மில் மிகுதியானோர் பயன்படுத்தும் டேலி, வியாபாரி ஒருவரின் தேவையிலிருந்து பிறந்தது. 1986இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தம் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத் கோயங்காவிடம் சொல்ல, மகன் எழுதிக் கொடுத்ததே அதன் ஆரம்பம். இன்றைய டேலி பிரைம் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். மேக்கில் வேண்டுமென்றால் சுற்றுவழிதான். முன்பு மேக்கிலேயே விண்டோஸை நிறுவிக்கொள்ள ஆப்பிள் ஒரு வசதி தந்திருந்தது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறிய பிறகு வந்த மேக்குகளில் அது இல்லை. பாரலல்ஸ் போன்ற மென்பொருளை வாங்கி அதற்குள் விண்டோஸ் ஓட்டலாம். அதற்குப் பாரலல்ஸ் விலை ஒன்று, விண்டோஸ் உரிமத்தின் விலை ஒன்று. பில் பிரிண்டர், தராசு, பார்கோடு ரீடர் ஆகியவற்றை விற்பவர்களும் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்தே விற்கிறார்கள். எனவே கல்லாவில் இருப்பது விண்டோஸாகவே இருக்கட்டும். டேலிக்காக மட்டும் மேக் வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

அதற்காகப் பிள்ளையின் மேக்கைப் பெட்டியில் பூட்ட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், பேங்க் வேலை எல்லாம் பிரவுசரில் நடப்பவை. எந்தக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம். தனிநபர் கடையானால் ரிட்டர்னை மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. மூலமே உறுதி செய்துவிடலாம். கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம் என்பதால், அந்த டோக்கனுக்கான மென்பொருள் மேக்கில் வேலை செய்யுமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் கரண்ட் போகும்போது, சார்ஜ் உள்ள ஒரு லேப்டாப் வீட்டில் இருப்பது எவ்வளவு உதவி என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் தொடங்குவது பைல் கைமாறும்போது. மேக்கோடு வரும் ‘நம்பர்ஸ்’ என்ற கணக்குத்தாளில் மகள் ஸ்டாக் பட்டியல் போட்டு அனுப்பினால், கடையில் உள்ள எக்செல் அதைத் திறக்காது. அதே ‘நம்பர்ஸ்’ஸில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எக்செல் பைலாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம்.

தேதி விஷயம் சின்னது அல்ல. விண்டோஸில் எக்செல் நாட்களை 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணுகிறது. மேக்குக்கான பழைய எக்செல், அதாவது 2008 பதிப்பு வரையில், 1904லிருந்து எண்ணியது. இரண்டுக்கும் வித்தியாசம் 1,462 நாள். பழைய மேக் பைலில் உள்ள பாக்கிப் பட்டியலை வெட்டி நம் பைலில் ஒட்டினால், 2024 ஏப்ரல் 10 என்ற தவணைத் தேதி 2020 ஏப்ரல் 9 என்று வந்து நிற்கும். புதிய மேக் எக்செல்லில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய பைல்கள் எங்கேயும் போய்விடவில்லை. இன்னொரு தேதிக் குழப்பம் இன்றைக்கும் உள்ளது. மேக்கோ விண்டோஸோ அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால், நாம் ஜூலை 5 என்று நினைத்து 05/07 என்று எழுதியதை அது மே 7 என்று படிக்கும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவற்றைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கிற பட்டியல், முழுவதும் தவறான பட்டியலைவிட ஆபத்தானது. யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு கம்ப்யூட்டரிலும் நாடு ‘இந்தியா’ என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதினால் இன்னும் நல்லது.

காப்பியும் மிளகும் விற்கும் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. காப்பிக்கு எச்.எஸ்.என். எண் 0901, மிளகுக்கு 0904. எளிய சி.எஸ்.வி. பைலாக வந்த பட்டியலை எக்செல்லில் நேரே திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்து 901, 904 என்று நிற்கும். நம் நாட்டுப் பொருட்களில் 890 என்று ஆரம்பிக்கும் 13 இலக்கப் பார்கோடு எண்களையும் அது சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். பிறகு எந்தச் சோப்பு எந்த விலை என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். இது மேக், விண்டோஸ் இரண்டிலும் நடப்பது. அந்தக் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ என்று வைத்து எக்செல் பைலாகவே பரிமாறிக்கொள்வதே வழி. சி.எஸ்.வி. தவிர்க்க முடியாதபோது ‘யு.டி.எஃப். 8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

தமிழ் என்றதும் அச்சகம் நினைவுக்கு வருகிறது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985இல் முதலில் மேக்கின்டாஷுக்குத்தான் வந்தது. அச்சுத் தொழிலில் மேக்குக்கு ஒரு தனி இடம் ஏற்பட்டது அப்படித்தான். அந்த நாட்களில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணில் தமிழ் எழுத்தை வைத்தார்கள். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ம’ வைத்திருப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது. அந்தத் தமிழ் 99 விசைப்பலகை இன்று விண்டோஸ், மேக் இரண்டின் புதிய பதிப்புகளிலும் இருக்கிறது. யூனிகோடு தமிழ் விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு வந்தது. மேக்கில் 2005இல் வந்த 10.4 பதிப்பில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் சேர்ந்தன. ஆக, இருபது வருஷமாக இரண்டு பக்கமும் ஒரே தமிழ் ஓடுகிறது.

ஆனாலும் நம் கடைகளில் எத்தனையோ பேர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவிலேயே விலைப்பட்டியல் அடிக்கிறார்கள். கை பழகிவிட்டது, குறை சொல்லவில்லை. அதே பைல் அந்த எழுத்துரு இல்லாத மேக்குக்குப் போனால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். ரூபாய்க் குறிக்கும் இதே கதை. 2010 ஜூலையில் புதிய குறி அறிவிக்கப்பட்டதும், அதை விசைப்பலகையின் மூலையில் உள்ள சாய்ந்த சிறு கோட்டில் ஏற்றிய எழுத்துரு ஒன்று பரவியது. அதில் தயாரித்த பட்டியல் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் விலைக்கு முன் ரூபாய் இருக்காது, வெறும் கோடுதான் இருக்கும். துண்டு நோட்டீஸ் ஆயிரம் அடித்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? யூனிகோடுக்கு மாறுங்கள். மாற மனமில்லையென்றால் அச்சகத்துக்கு வேர்டு பைலை அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அதில் எழுத்துருவும் கூடவே பொதிந்து போகும். அச்சிடும் முன் அச்சகத்தாரின் திரையில் தெரிவதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பென் டிரைவ் பற்றிச் சுருக்கமாக. ‘என்.டி.எஃப்.எஸ்.’ முறையில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. மேக்குக்கென்று தயாரித்ததை விண்டோஸ் படிக்கவே படிக்காது. ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் தயாரித்தால் இரண்டும் படிக்கும், எழுதும். பழைய ‘ஃபேட் 32’இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. கேமரா பதிவை போலீஸுக்குக் கொடுக்க நேரும்போது இது தெரியவரும். முறையை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள். மேக்கில் வைக்கும் பைல் பெயர்களில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, சாய்கோடு வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. டிஸ்க்கைப் பிடுங்கும் முன் ‘எஜெக்ட்’ கொடுப்பது இரண்டுக்கும் பொது. ஐபோனில் எடுக்கும் போட்டோ 2017 முதல் புதிய வடிவில் சேமிக்கப்படுகிறது. கடைக் கம்ப்யூட்டர் அதைத் திறக்க மறுத்தால், போனின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தொட்டுவிட்டால் தீர்ந்தது.

மேக்கில் விண்டோஸ் வைரஸ் வேலை செய்யாது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். வேலை செய்யாதே தவிர, மேக்கில் செருகிய பென் டிரைவில் அப்படியே உட்கார்ந்து கல்லாவுக்கு வந்து சேரும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை காட்டும் நிலையில் வைத்திருக்க வேண்டும். அதற்குள் இன்றைய கம்ப்யூட்டர் இருக்குமா, அன்று கல்லாவில் உட்காருபவர் நாமா நம் பிள்ளையா, அவர் கையில் விண்டோஸா மேக்கா என்று யார் சொல்ல முடியும்? அதிகாரி கேட்கும் நாளில் ‘இந்த பைல் இங்கே திறக்கவில்லை’ என்பது பதிலாகாது. உள்ளீட்டு வரி வரவை மறுத்துவிட்டால் அந்தப் பணம் நம் பையிலிருந்து போகிறது.

ஆகவே ஒவ்வொரு மார்ச் 31 முடிந்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். டேலி பேக்கப்பை, டேலியை மூடிய பிறகு, எக்ஸ்ஃபேட் டிஸ்க் இரண்டில் ஏற்றுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். லெட்ஜர், கொள்முதல், விற்பனைப் பதிவேடுகளைப் பி.டி.எஃப். ஆகவும் எக்செல் ஆகவும் எடுத்து அதே டிஸ்க்கில் போடுங்கள், ஏனென்றால் டேலி பேக்கப் டேலி இருந்தால்தான் திறக்கும். மூன்றாவதாக, வீட்டில் மேக் இருந்தால் அந்த டிஸ்க்கை அதில் செருகி, பிள்ளையைக் கூப்பிட்டு, நான்கைந்து பைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்காத பைலை அன்றே சரிசெய்துவிடலாம்.