படங்களை ஒன்றாக்கும் முன்…

நம்மவர் வீடுகளில் கூடத்துச் சுவர் பாதிக் கோயில். சாமி படங்களை அடுத்து, மாலையும் சந்தனப் பொட்டுமாகத் தாத்தா பாட்டி படங்கள் இருக்கும். அண்மைக் காலமாக அந்தச் சுவரில் புதுவகைப் படம் ஒன்றைக் காண்கிறேன். ஒருவருடைய நாலைந்து பழைய படங்களைக் கொடுத்தால், கண்ணை ஒன்றிலிருந்தும் சிரிப்பை இன்னொன்றிலிருந்தும் எடுத்து, பட்டுப் புடவையும் உடுத்தி, ஒரே படமாக்கித் தந்துவிடுகிறார்கள். முன்பு ஸ்டூடியோக்காரர் நாட்கணக்கில் 'டச்சப்' செய்த வேலையைக் கைப்பேசி இன்று நொடியில் முடிக்கிறது.

இந்த ஆசை எங்கள் பக்கத்தாருக்குச் சற்று அதிகமாகவே இருப்பதற்குக் காரணமுண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைக் காட்டுவேலைக்காரர்களும் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத்தாரும் படம் எடுத்துக்கொண்டது அபூர்வம். கல்யாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் பாதி முகம் தெரியும். அப்புறம் 1993-ல், பாலக்காட்டில் பிறந்த டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை தர உத்தரவானது. எங்கள் மூதாட்டிகள் பலருக்கு அந்த அட்டைக்காக எடுத்ததே தனியாக எடுத்த முதல் படம். அதில் பயந்துபோய் விழித்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சுவரில் மாட்ட எந்தப் பேரனுக்கு மனம் வரும்?

படங்களை இணைக்கும் யோசனை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 1870-களிலேயே இதைச் செய்தார். கண்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு படங்களை வைத்து, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதிவு செய்தார். பத்துப் படமென்றால் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெளிச்சம் படும். பெரும்பாலும் பலருடைய முகங்களைக் கலந்தவர், ஆறு பதக்கங்களில் இருந்த அலெக்சாண்டரின் உருவங்களையும் ஒன்றாக்கிப் பார்த்தார். எல்லாப் படத்துக்கும் பொதுவானவை அழுத்தமாக நின்றன. ஒன்றில் மட்டும் இருந்தவை மங்கிப்போயின. கலந்த முகம் தனி முகங்களைவிட அழகாகவும் தெரிந்தது.

என் தயக்கம் அந்த அழகைப் பற்றியதுதான். என் பாட்டிக்கு நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. விறகுச் சுமை சரிந்து வந்தது என்பார். கல்யாணப் படத்தில் தழும்பு இல்லை, அட்டைப் படத்தில் உண்டு. இரண்டையும் கலந்தால் தழும்பு போய்விடும். அதோடு அந்த விறகின் கதையும் போய்விடும். இருபது வயதும் எழுபது வயதும் கலந்த அந்த முகத்தோடு பாட்டி ஒருநாளும் வாழ்ந்ததில்லை. 1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் இரண்டு பி.யு. சின்னப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு அது சினிமாத் தந்திரம் என்று தெரியும். சுவரில் தொங்கும் படத்தைப் பார்க்கும் கொள்ளுப்பேத்திக்கு அதைச் சொல்ல யார் இருப்பார்கள்?

மறுபக்கமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் எழுபது பேரைப் பறிகொடுத்தோம். லயங்களோடு அவர்கள் உடைமைகளும் மண்ணுக்குள் போயின. அப்படி எல்லாம் இழந்த ஒருவர், உறவினரிடம் கிடைத்த துண்டுப் படங்களைச் சேர்த்துத் தன் தாயின் முகத்தை மீட்டால் அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. அது ஆறுதல், ஆறுதலுக்குத் தேவையானது அது.

ஆனால் மூலப் படங்கள் கையில் இருக்கிறவர்கள், புதுப்படம் வந்ததும் அவற்றை ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், சித்தூர் கொச்சியிலும், பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரிலும் இருந்தவை. 1956 நவம்பர் 1-இல் எல்லாம் கேரளமாயின. இன்றும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டியல் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. புகைப்படம் மட்டுமே ஆதாரமாகிவிடாது. ஆனால் படத்தின் பின்புறமுள்ள ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப்பெயர், பென்சிலில் எழுதிய தேதி ஆகியவை எந்தப் பள்ளிப் பதிவேட்டை, எந்தத் தோட்டப் பேரேட்டைத் தேட வேண்டும் என்று வழிகாட்டும். கணினியில் இணைத்த படத்துக்குப் பின்புறமே கிடையாது.

எனவே என் யோசனை இது. ஒரு முகமாக உருக்குவதைவிட, ஒரே சட்டத்துக்குள் மூன்று படங்களையும் வரிசையாக வையுங்கள்: மணப்பெண், தாய், பாட்டி. ஒவ்வொன்றின் கீழும் ஆண்டும் ஊரும் எழுதுங்கள். கலந்த படம் வேண்டுமென்றால் 'பல படங்களிலிருந்து செய்தது' என்று அதன் பின்னால் ஒரு வரி எழுதி மாட்டுங்கள். மூலப் படங்களின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நகலெடுத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனவர்கள் நாம். நிலமும் வீடும் கொண்டுவர முடியாதவர்கள் பெட்டியடியில் கொண்டுவந்தவை இந்த நாலு படங்கள்தாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.