கொழுப்பை எரிக்கும் குளிசையும் உம்மாவின் கொறக்காயும்

எங்கள் வீட்டில் ஒரு ஜெலி பக்கற் வாங்கினாலும் உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஹலால் இலச்சினையைத் தேடாமல் விடமாட்டார். ஜெலற்றின் எந்த மிருகத்தினுடையது என்று தெரியாமல் ஒரு கரண்டிகூட எங்கள் வாய்க்குள் போகக் கூடாது. அதே வீட்டில் சென்ற வருடம் ஏழு வாரங்களாக என் ராத்தா நாளுக்கு இரண்டு கப்ஸ்யூல்களை விழுங்கிக்கொண்டிருந்தார். கப்ஸ்யூலின் கூடும் பெரும்பாலும் ஜெலற்றின்தான். ராத்தா அதை ‘விற்றமின்’ என்று சொன்னதும் உம்மா நம்பிவிட்டார். அது விற்றமின் அல்ல என்று எனக்குத் தெரியும். பார்சலை வாசலில் நின்று வாங்கி ராத்தாவின் அலுமாரிக்குள் வைத்தவளே நான்தான்.

விஷயம் ஒரு பெண் பார்க்கும் வைபவத்தில் தொடங்கியது. மாப்பிள்ளையின் மாமி ஒருவர் பலூடாவைக் குடித்துக்கொண்டே சிரித்த முகத்தோடு சொன்னார்: “புள்ள நல்லம், நல்ல குணம். கொஞ்சம் தடிப்புத்தான். கலியாணத்துக்குள்ள மெலிஞ்சிடுவாதானே?” எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. உம்மா இன்னொரு தட்டை நீட்டினார். அறைக்குள் இருந்த ராத்தாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அப்போது அவருடைய உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 61 கிலோ. கணக்குப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி 24.4 வருகிறது. ஆசிய மக்கள் 23ஐத் தாண்டும்போதே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று 2004இல் சொல்லியிருக்கிறது. ஆகவே கொஞ்சம் நடக்க வேண்டிய உடம்பு, அவ்வளவுதான். மருந்து தின்ன வேண்டிய உடம்பல்ல.

போத்தல் வந்தது ஒரு பெண்கள் வட்ஸ்அப் குழுவின் மூலம். விலை 6,500 ரூபா. முற்றிலும் இயற்கை, மூலிகை, பக்கவிளைவு இல்லை, இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ என்று அதில் எழுதியிருந்தது. செய்தவரின் விலாசம் இல்லை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. ராத்தாவின் சந்தோஷத்தைப் பார்த்து நானும் இரண்டு நாள் விழுங்கிப் பார்த்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பிறகு ராத்தாவுக்கு வாய் வறண்டது. இரவில் நித்திரை போனது. நெஞ்சு படபடப்பதை அவர் கலியாணப் பயம் என்றார். ஏழாம் வாரத்தில் ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். வைத்தியசாலையில் அவருடைய நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 132. “ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?” என்று வைத்தியர் கேட்டபோது, ராத்தா “இல்லை” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் நானும் பேசாமல்தான் நின்றேன். பிறகு என் பையிலிருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்தியர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதைச் செஞ்சவங்கட விலாசம் எங்க?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். உயிரியல் படிப்பவள் என்ற ரோசமும் ஒரு காரணம். உடலின் கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்வியிலிருந்தே தொடங்கினேன். வியர்வையாக உருகி வடிகிறது என்றுதான் எங்கள் வகுப்பிலும் பலர் நினைக்கிறார்கள். 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் பிரித்தானிய மருத்துவ இதழில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு உடலில் எரிந்தால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, மிகுதி 1.6 கிலோ நீராகிறது. கொழுப்பு மூச்சாகத்தான் போகிறது என்றால், அதை வேகமாக எரிப்பதாகச் சொல்லும் குளிசை நம்மை அதிகம் மூச்சுவிடவும் அதிகம் அசையவும் வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதைச் செய்ய ஒரு வழிதான் இருக்கிறது. இதயத்தையும் நரம்பையும் விரட்ட வேண்டும்.

இந்தக் குளிசைகளில் சாதாரணமாகச் சேர்ப்பது கஃபேன். அது உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது உண்மை. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருக்கிறது. கஃபேன் தரும் மேலதிகச் செலவு நாளொன்றுக்கு நூறு கிலோகலோரியைத் தாண்டுவதே அரிது. இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீ மூன்றைக் குறைத்தாலும் அதே நூறுதான் வரும், 6,500 ரூபாவும் மிஞ்சும். அப்படியானால் முதல் வாரத்து இரண்டு கிலோ? மெலியவைக்கும் தேயிலைகளிலும் குளிசைகளிலும் சென்னா போன்ற பேதி இலைகளையோ, சிறுநீரைக் கூட்டும் சரக்குகளையோ சேர்ப்பதுண்டு. அவற்றால் போவது தண்ணீர். தண்ணீர் குடித்தால் நிறை திரும்பி வரும். ஆனால் நாட்கணக்கில் வயிற்றோட்டம் போனால் உடலின் பொட்டாசியமும் சேர்ந்து போகும். இதயத் துடிப்பு ஒழுங்காக இருப்பது அந்தப் பொட்டாசியத்தினால்தான்.

போத்தலின் லேபலில் ‘கார்சீனியா கம்போஜியா’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ஏதோ அமேசன் காட்டு மூலிகை என்று நினைத்திருந்தோம். படத்தைத் தேடி உம்மாவிடம் காட்டினேன். அந்தக் கவலையிலும் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது எங்கட கொறக்காயல்லோ!” மீன் ஆணத்துக்குப் போட எங்கள் குசினிச் சட்டியில் கறுப்பாகக் காய்ந்து கிடக்கும் அதே கொறக்காய். அதிலுள்ள ஒரு அமிலம் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று சொல்லித்தான் உலகமெங்கும் விற்கிறார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வெளியான ஆய்வில், 135 பேரில் ஒரு பகுதியினருக்குக் கொறக்காய்ச் சாறும் மறு பகுதியினருக்கு வெறும் போலிக் குளிசையும் 12 வாரங்கள் கொடுத்தார்கள். கொறக்காய் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். போலிக் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ! இரு பகுதியினரும் உணவைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். குறைத்தது உணவுக் கட்டுப்பாடுதான்.

சட்டியிலுள்ள கொறக்காய் நம்மை ஒன்றும் செய்யாதென்றால் குளிசையிலுள்ளதும் ஒன்றும் செய்யாதல்லவா என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆணத்துக்கு ஒரு துண்டு போடுவதும், அதன் சாற்றைச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் ஒன்றல்ல. இந்தச் சாறு அடங்கிய குளிசைகளை எடுத்தவர்களின் ஈரல் கெட்டுப்போனதாகவும், சிலருக்கு ஈரல் மாற்றவே நேர்ந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பச்சைத் தேயிலையிலும் இதே கதைதான். ஒரு கோப்பை குடிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதிலுள்ள கற்றெச்சின் எனப்படும் பொருளைப் பிரித்தெடுத்து நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவில் குளிசையாக எடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. 2009இல் அமெரிக்காவில் ‘ஹைட்ரொக்ஸிகட்’ என்ற பிரபலமான மெலியும் குளிசை ஈரல் பாதிப்புப் பற்றிய 23 முறைப்பாடுகளுக்குப் பிறகு சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது.

லேபலில் எழுதாத சரக்குகள்தான் இன்னும் பயமானவை. சிபியூற்றமின் என்ற மருந்து பசியை அடக்கி நிறையைக் குறைத்தது உண்மை. ஆனால் அது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கூட்டுவதாக ஒரு பெரிய ஆய்வு காட்டியதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் ‘இயற்கை மூலிகை’ என்று விற்கும் குளிசைகளிலும் கோப்பித் தூள்களிலும் அதை இரகசியமாகக் கலந்து விற்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. வாய் வறட்சி, நித்திரையின்மை, படபடப்பு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். இந்த வரியைப் படித்த இரவு எனக்கும் நித்திரை வரவில்லை.

டிஎன்பி என்ற இரசாயனம் உண்மையாகவே கொழுப்பை எரிக்கும். முதலாம் உலகப் போரில் வெடிபொருள் செய்யப் பயன்பட்டது அது. 1930களில் அமெரிக்காவில் மெலிவதற்கு விற்றார்கள். கண்ணில் வெண்படலம் வந்தது, உடல் உள்ளேயே சூடேறிச் சிலர் இறந்தார்கள், 1938இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவித்தார்கள். 2015இல் இங்கிலாந்தில் 21 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அதை இணையத்தில் வாங்கி விழுங்கி இறந்தாள். விற்றவருக்கு ஏழு வருடச் சிறை. அவள் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள்.

“அப்படியானால் மெலியவே கூடாதா?” என்று கேட்பீர்கள். எங்கள் வாப்பாவுக்குச் சீனி வருத்தம். நிறை கூடுவதன் விளைவைத் தினமும் பார்க்கும் வீடு எங்களுடையது. உண்மையில் தேவையுள்ளவர்களுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஓர்லிஸ்ரற் என்பது நாம் உண்ணும் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கிறது. அது எதையும் எரிப்பதாகச் சொல்வதில்லை, பக்கவிளைவையும் மறைப்பதில்லை. நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்யவென்றே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. ஒரு குளிசையை அதற்குத் தெரியாமல் தொலைபேசி வழியே விற்பவரிடம் நாம் ஏன் எங்கள் ஈரலையும் இதயத்தையும் ஒப்படைக்க வேண்டும்?

இனிச் சொல்வது பெற்றோருக்கு. கோபிக்க வேண்டாம். காலையில் வேன் வாசலில் ஏற்றுகிறது, பாடசாலை வாசலில் இறக்குகிறது. பின்னேரம் ரியூசன். பாதை சரியில்லை என்று மகளைக் கடைத்தெருவுக்கும் நடக்க விடமாட்டீர்கள். உயர்தரம் வந்ததும் உடற்கல்விப் பாடமே எங்களுக்கு இல்லை. வீட்டு மொட்டை மாடியில் நடந்தால் அயல் வீட்டார் பார்ப்பார்கள். பிறகு பெருநாளுக்கு வரும் சாச்சி “என்ன மகள், ஊதிப்போயிட்டீங்க?” என்பார், நீங்களும் சிரிப்பீர்கள். பயத்தில் எங்களை வெளியே விடாத வாசலால்தான் விலாசமில்லாத அந்தப் பார்சல் உள்ளே வந்தது. அந்த மாமிக்கு அன்று உம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் ராத்தா அந்தப் போத்தலைத் தேடியிருக்கமாட்டார் என்று நான் நினைக்கிறேன். உம்மாவிடமே இதைச் சொன்னேன். உம்மா அழுதார். இதை எழுத அனுமதியும் தந்தார்.

ராத்தா குளிசையை நிறுத்தி மூன்று வாரத்தில் நாடி சரியாகிவிட்டது. நிறை மறுபடி 60. இப்போது சுபஹுக்குப் பிறகு வாப்பாவும் ராத்தாவும் நானும் வாவிக்கரை வரை நடக்கிறோம். வாப்பாவின் சீனியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு உடுப்பு இடுப்பில் பிடித்தது. தையல்காரத் தாத்தா உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து இரண்டு விரல் தளர்த்தித் தந்தார். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கூலி 300 ரூபா.