காபித் தூசிக்கு முந்தானைதான் தடுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் கீழ்மலைக் காபியின் மணத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அந்தக் கொட்டையை ஓடு நீக்கிப் புடைத்துப் பொறுக்கும் கியூரிங் கூடங்களின் காற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தோலோடு காய்ந்த செர்ரி காபியை மெஷினில் கொட்டும்போது கிளம்புவது வெறும் புழுதி அல்ல. களத்தில் கிடந்து உலர்ந்த தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சையும் பாக்டீரியா நச்சும் அதில் இருக்கும். பச்சைக் கொட்டையின் தூளே சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமாவில் கொண்டுபோய் விட்டுவிடும். தான்சானியா, எத்தியோப்பியா காபி ஆலைகளில் நடந்த ஆய்வுகள் இந்தத் தூசியின் கேட்டை எப்போதோ சொல்லிவிட்டன. எங்கள் தெருவிலிருந்து பொறுக்கும் வேலைக்குப் போகும் பெண்களோ முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். இருமல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் போகிறார்கள். போகாவிட்டால் கூலி இல்லை. "தூசி வேலைன்னா இருமத்தான் செய்யும்" என்று அவர்களே சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் சொல்லிக் கொடுத்தது இதை?

தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவே சொன்னது. மெஷினுக்கு மேல் ஒரு கூண்டும் குழாயும் உறிஞ்சும் விசிறியும் வைப்பது பெரிய வித்தை இல்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. முன்பு 10 பேர் போதும். சிறிய கியூரிங் கூடங்களும் வறுத்து அரைக்கும் இடங்களும் இந்த ஒரு எண்ணால் வரையறைக்கு வெளியே போகின்றன. பத்துப் பேர் சுவாசிக்கும் தூசி இருபது பேர் சுவாசிப்பதைவிட நல்லதா? இது போதாதென்று, ஆலைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் பஞ்சுத் தூசி நோய் உண்டு. காபித் தூசியால் வரும் ஆஸ்துமா இல்லை. இழப்பீட்டுச் சட்டமோ வேலையால் வரும் ஆஸ்துமாவைத் தொழில்நோய் என்று ஏற்கிறது. ஆனால் நோய் எங்கும் பதிவாகாதபோது பாதிக்கப்பட்ட பெண் எதைக் காட்டி இழப்பீடு கேட்பாள்?

ஆட்கணக்குப் பாராமல் எல்லாக் காபிக் கூடங்களுக்கும் தூசி உறிஞ்சும் அமைப்பை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும். ஆண்டுதோறும் ஊதவைத்து நுரையீரலைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைத் தினக்கூலிப் பெண்களுக்கும் இலவசமாகச் செய்து, முடிவை அவர்கள் கையிலேயே தர வேண்டும். அடுத்த அறுவடைக் காபி மலையிலிருந்து இறங்குவதற்குள் அரசு ஆய்வாளர்கள் இந்தக் கூடங்களுக்கு வரட்டும், மெஷின் ஓடும் நேரத்தில்.

ஒரு வாசகர்,
வத்தலகுண்டு.