இப்போது என்ன படிக்கிறீர்கள்?

ஏரல் கடைத்தெருவில் இருவர் எதிர்ப்பட்டால் ஸலாம் உரைப்பர், உடல்நலம் வினவுவர், வாழைத்தார் என்ன விலை போகிறது, கடல் கடந்து சென்ற மகன் எப்போது வருகிறான், மூத்த மகளுக்கு நல்ல இடம் அமைந்ததா என்றெல்லாம் கேட்பர். யாவும் கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. "இப்போது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதே அது. நாம் இவ்வூரில் வாழ்ந்துவரும் இத்தனை ஆண்டுகளில் எம்மை எவரும் இதனைக் கேட்டதில்லை; நாமும் எவரையும் கேட்டதில்லை. இக்குறையை எமக்கு உணர்த்த ஒரு பெருவெள்ளம் வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களை இவ்வட்டாரத்தார் மறக்கமாட்டார்கள். அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையை வெள்ளம் அரித்துச் செல்ல, ஊர் தனித்தீவாயிற்று. கடைகளிலும் வீடுகளிலும் நீர் புகுந்தது. அது வடிந்தபின் மக்கள் மொட்டைமாடியில் முதலில் விரித்து உலர்த்தியவை வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், கடைக் கணக்கு ஆகியனவே. அது இயல்பு, யாரும் குறை கூற இயலாது. நூல்களோ சேற்றோடு சேறாகத் தெருவோரத்தில் குவிந்தன.

எம் வீட்டு வாயிலில் நாம் கொட்டிய குவியலில் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' கிடந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, எதிர்வீட்டுக் குவியலிலும் அதே 'சாய்வு நாற்காலி' ஊறிப் பருத்துக் கிடக்கக் கண்டோம். எதிர்வீட்டாரும் நாமும் முப்பது ஆண்டுகளாக ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர்கள். நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்தவர்கள். இருவரும் ஒரே நூலைப் படித்திருக்கிறோம் என்பதை முப்பது ஆண்டுகளில் இருவருமே அறிந்திலோம். "காக்கா, நீங்களும் இதைப் படிச்சிருக்கீங்களா?" என்று அவர் வியந்து கேட்டார். மின்சாரம் இல்லாத அந்த மாலையில், சேற்றில் நின்றபடி மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை அந்நாவலைப் பற்றியே பேசினோம். உடைமை இழந்த துயரத்தைச் சற்று நேரம் மறந்திருந்தோம். அன்றிரவு எம்மை உறங்கவிடாதது இழந்த பொருளன்று. பேசாமற் கழித்த அந்த முப்பது ஆண்டுகளே.

ஆதலின் நாம் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறோம். நம் சமுதாயத்தில் நூல்கள் இல்லை என்பது பொய். படிப்போர் இல்லை என்பதும் முழு உண்மையன்று. படித்ததைப் பகிர்ந்து பேசும் வழக்கத்தை நாம் நம் கையாலேயே அழித்துவிட்டோம் என்பதே மெய். பேசப்படாத நூல் அலமாரியில் இருந்தாலும் இறந்த நூலே. அதனை வெள்ளம் வந்துதான் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தவர்கள் அல்லர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் நம் மாவட்டத்து எட்டயபுரத்தோடு தொடர்புடைய காப்பியம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுந்த அந்நூலைப் புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நூல் எவ்வாறு உயிர் பிழைத்தது? ஏட்டில் மட்டும் இருந்திருப்பின் செல் அரித்திருக்கும். ஒருவர் பாட, ஒருவர் பொருள் விரிக்க, ஊர் கூடி அமர்ந்து கேட்டமையால் பிழைத்தது. எழுத்தறியாதவரும் அன்று அதனை அறிந்திருந்தனர். இன்று எழுத்தறிந்தவரும் அறியவில்லை.

பெண்களை எடுத்துக்கொள்வோம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடுதோறும் வழங்கியது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்தில் இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களைத் தாய்மார்கள் ஓதினர். ஓதத் தெரியாதவர்கள் அருகிருந்து கேட்டனர். பள்ளிக்கூடத்தை மிதித்தறியாத உம்மும்மாமார் நூற்பொருளைப் பேத்திகளுக்குச் சொல்லி வளர்த்தனர். அவர்கள் நடத்தியதும் ஒரு வாசகர் வட்டந்தான்; அதற்கு அவர்கள் பெயர் சூட்டவில்லை, அவ்வளவே.

கடலுக்கு அப்பாலும் நோக்குவோம். திமிஷ்கு நகரத்தில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை ஒரு நூலை அவையில் வாசித்து முடித்ததும், அதனைக் கேட்டவர் யார் யார், எந்த நாள், எந்த இடம், வாசித்தவர் யார் என்பதை அந்த ஏட்டிலேயே குறித்து வைத்தனர். 'ஸமாஃ' எனப்படும் அச்சான்றுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் உள்ளன. அறிஞர்களின் பெயர்கள் மட்டுமல்ல, பெண்கள், சிறுவர், வணிகர், கைத்தொழிலாளர் ஆகியோரின் பெயர்களும் அவற்றில் காணப்படுகின்றன. எவர் எதனைப் படித்தார் என்பது அன்று ஒளித்து வைக்க வேண்டிய செய்தியாக இருக்கவில்லை. எழுதி வைக்கத்தக்க பெருமையாக இருந்தது.

இன்று நம் நிலை என்ன? மூன்று தீமைகளைச் சுட்டுகிறோம்.

முதலாவது, படிக்காமலே போற்றுவது. 1973ஆம் ஆண்டில் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. தொடர்ந்து பல மாநாடுகள் கூடின. அவற்றால் மறைந்த நூல்கள் வெளிப்பட்டன, ஆய்வுகள் பிறந்தன. அவற்றைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. ஆனால் மேடையில் 'உமறு நம் கம்பர்' என்று முழங்கிவிட்டு வீடு திரும்பும் நம்மில் எத்தனை பேர் ஒரு படலத்தையேனும் முழுமையாகப் படித்தோம்? முன்னோர் பெருமையில் சாய்ந்தபடி வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுண்ணும் முஸ்தபாக்கண்ணுவை மீரான் 'சாய்வு நாற்காலி'யில் படைத்துக் காட்டினார். அந்நூலுக்கு 1997ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்நாற்காலியில் சாய்ந்திருப்பவர் நாமே என்பதை உணர்ந்தோமா?

இரண்டாவது, படிக்காமலே காட்டுவது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடைபெறும் இக்காலத்தில், வாங்கிய நூலின் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து உலகுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறோம். நூறு பேர் பாராட்டுகின்றனர். நூல் பையை விட்டு வெளியே வருவதில்லை. நாம் வேண்டுவது இத்தகைய பகிர்வு அன்று. 'என்ன வாங்கினீர்கள்' என்பது கடைக்காரரின் கேள்வி. 'என்ன படிக்கிறீர்கள், அதில் எது உங்கள் மனத்தைத் தைத்தது, எங்கே நீங்கள் மாறுபடுகிறீர்கள்' என்பதே தோழரின் கேள்வி.

மூன்றாவது தீமையே மிகக் கொடியது. நம் வீடுகளில் இக்கேள்வி எழும் ஒரே தருணம், மகள் ஒரு கதைப் புத்தகத்தோடு பிடிபடும் தருணமாகும். "என்ன படிக்கிறாய்?" என்று அப்போது கேட்கிறோம். அது காவலரின் கேள்வி. அக்கேள்விக்கு அஞ்சிய பிள்ளை அடுத்த முறை நூலை மறைக்கக் கற்றுக்கொள்கிறதே தவிர, நல்ல நூலைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதில்லை. நாகூரில் பிறந்து, பள்ளியில் மிகக் குறைந்த காலமே பயின்ற சித்தி ஜுனைதா பேகம் 1938ஆம் ஆண்டில் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு உ. வே. சாமிநாதையர் மதிப்புரை நல்கினார். ஒரு பெண்ணின் எழுத்தை மதித்து வினவ அன்று ஒரு பேரறிஞர் இருந்தார். பல்லாண்டுகளுக்குப் பின், துவரங்குறிச்சியின் கவிஞர் சல்மா தாம் எழுதியவற்றை வீட்டார் கண்ணில் படாமல் மறைத்து எழுத வேண்டியதாயிற்று. காலம் முன்னே சென்றது. நாம் பின்னே சென்றோம். அவருடைய கருத்துகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெண் என்ன படிக்கிறாள், என்ன எழுதுகிறாள் என்பதை அவ்வீட்டாரே அறியாதிருப்பது யாருக்குப் பெருமை?

எமக்கு வரக்கூடிய மறுப்புகளையும் அறிவோம். "எல்லாவற்றையும் படிக்கவிட்டால் கெட்ட நூல்களும் வீட்டுக்குள் நுழைந்துவிடுமே" என்பர் சிலர். நுழையட்டும் என்று நாம் கூறவில்லை. அவை நுழைந்துவிட்டன என்றே கூறுகிறோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கையில் எந்தக் கதவை அடைப்பீர்கள்? பேச்சுள்ள வீட்டில்தான் தீய நூல் அடையாளம் காணப்படும். மௌனம் நிறைந்த வீட்டில் அது தனியே ஒரு பிள்ளையின் மனத்தில் வேலை செய்யும். ஹிஜ்ரி 377 (கி.பி. 987) ஆண்டளவில் பகுதாதில் இப்னு நதீம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். திருக்குர்ஆன் கலைகளையும் சட்ட நூல்களையும் அதில் குறித்தார். அத்துடன் பிற சமயத்தார் நூல்களையும், பாரசீகரின் ஆயிரம் கதைகளையுங்கூடக் குறித்தார். எல்லாம் அவருக்கு உடன்பாடானவை என்பதாலா? அன்று, மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதை அறியாதிருப்பது அறிவுடைமை ஆகாது என்பதால் எனலாம். 'ஓதுவீராக' என்னும் கட்டளையோடு தொடங்கிய வேதத்தை உடைய நாம், படிப்பைக் கண்டு அஞ்சுவது எங்ஙனம் பொருந்தும்?

"நேரம் எங்கே?" என்பர் வேறு சிலர். கடையடைத்தபின் திண்ணையில் அமர்ந்து ஊர்வம்பு பேச நேரம் இருக்கிறது. திருமண வீட்டில் பிரியாணி ஆறும்வரை காத்திருக்க நேரம் இருக்கிறது. நாள்தோறும் பத்துப் பக்கம் படிப்பவர் ஆண்டுக்கு மூவாயிரத்து அறுநூறு பக்கங்களைக் கடந்துவிடுவார். சீறாப்புராணத்தை உரையோடு முடிக்க அது போதும்.

"நூல் வாங்கப் பணம் எங்கே?" என்றும் கேட்கலாம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதன்முதலில் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அதற்கு அயராது உழைத்த சீர்காழி தந்த அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதை 1931ஆம் ஆண்டிலேயே தம் நூலக விதிகளுள் முதல் விதியாக வைத்தார். வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் ஒவ்வொருவரும் செலுத்தி வருகிறோம். வரியைக் கட்டிவிட்டு வாசற்படியை மிதியாதிருப்பது, உலை வைத்து உண்ணாமல் எழுவதை ஒக்கும்.

ஆகவே சகோதர சகோதரிகளே, நாம் கேட்பது பெரிய காரியமன்று. வாரத்தில் ஒரு நாள், வெள்ளியிரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், உணவு முடிந்ததும் வீட்டார் அனைவரும் ஒருமுறை சொல்லட்டும்: நான் இப்போது இதைப் படிக்கிறேன். வாப்பா முதலில் சொல்லட்டும். ஏனெனில் தாம் படிக்காமல் பிள்ளையை வினவும் உரிமை தந்தைக்கு இல்லை. உம்மாவின் விடையையும் காத்திருந்து கேளுங்கள். 'எதுவும் படிக்கவில்லை' என்பது விடையானால் அதனையும் நாணாமல் சொல்லுங்கள்; அந்த உண்மை படிக்காத நூலின் படத்தை விட மேலானது. பிள்ளை எந்நூலின் பெயரைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல், 'அதில் என்ன இருக்கிறது, சொல்' என்று கேளுங்கள். கருத்துரைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விருந்துக்குச் செல்லும்போது பலகாரப் பொட்டலத்தோடு, நீங்கள் படித்து முடித்த ஒரு நூலையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒருவரைக் கேட்குமுன் நாம் சொல்லிவிட வேண்டுமல்லவா? வெள்ளத்திற்குப் பின் எதிர்வீட்டாரும் நாமும் சேர்ந்து 'சாய்வு நாற்காலி'யில் ஒரே ஒரு படி வாங்கினோம். இரு வீடுகளுக்கு ஒன்று போதும் என்பதை அந்தச் சேறு எமக்குக் கற்பித்திருந்தது. அது இப்போது எங்கள் தெருவில் ஐந்தாவது வீட்டில் இருக்கிறது; அங்கே ஒரு மருமகள் அதனைப் பகல் வெளிச்சத்தில், திண்ணையில் அமர்ந்து படிக்கிறாள். நாம் சீறாவின் ஹிஜ்றத்துக் காண்டத்தில் பாதி வழியில் நிற்கிறோம். பல பாடல்கள் விளங்கவில்லை, விளங்காதவற்றை எதிர்வீட்டாரிடம் கேட்கிறோம், அவருக்கும் விளங்காதபோது இருவரும் ஆலிமிடம் செல்கிறோம்.

நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?