காற்புள்ளியை நம்பிக் கட்டிய புலம்

ஜாங்கோவில் பல விருப்பங்களைத் தேர்வுசெய்ய ஒரு புலம் வேண்டுமா? தனி அட்டவணை வீண் சுமை, சொந்தமாக ஒரு ஃபீல்ட் வகுப்பை எழுதி, விடைகளைக் காற்புள்ளியிட்டு ஒரே சரமாகச் சேமித்தால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எழுதுவது எளிதுதான். பட்டியலைச் சரமாக்க ஒரு செயற்கூறு, சரத்தைப் பட்டியலாக்க இன்னொன்று.

தேடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மொழிகளுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்து, ஒருவருக்கு "2,11" என்று சேமித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 1-ஆம் மொழி தெரிந்தவர்களைச் சரத்துக்குள் தேடினால் இவரும் வந்து நிற்பார், 11-க்குள் 1 இருப்பதால். இரு முனையிலும் காற்புள்ளி சேர்த்து இதைச் சரிக்கட்டலாம். ஆனால் சரத்தின் நடுவே தேட வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது. பத்து லட்சம் வரிசைகள் இருந்தால் அத்தனையையும் படித்தாக வேண்டும். பட்டியலில் இல்லாத 47 என்ற எண் நுழைந்தாலும் தரவுத்தளம் தடுக்காது.

சுமை என்று அவர்கள் ஒதுக்கும் மெனி-டு-மெனி ஃபீல்டோ மாடலில் ஒரே வரி. இணைப்பு அட்டவணையையும் ஃபாரின் கீயையும் ஜாங்கோவே உருவாக்கிவிடும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோருக்கு 2015-இல் வந்த ஜாங்கோ 1.8 பதிப்பிலிருந்தே அர்ரே ஃபீல்ட் இருக்கிறது. ஜின் இண்டெக்ஸ் போட்டால் தேடலும் வேகமாகும்.

திரையில் காட்ட மட்டுமே, ஒருபோதும் வடிகட்டவோ எண்ணவோ வேண்டாத தகவல் என்றால் சரம் போதும். மொழி, திறன், ஒவ்வாமை போன்றவை அந்த வகையில் சேராது. அவற்றைக் கேட்டு வாங்குவதே பின்னால் தேடத்தான்.