பைல் அடுக்கினால் பிழைப்பு நடக்குமா?

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் வசிக்கும் இல்லத்தரசி நான். பி.காம்., படித்து, ஜி.எஸ்.டி., பிராக்டிஷனர் தேர்வு எழுதித் தேறியவள். வீட்டு முன்னறையிலேயே, கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி, ரிட்டன் தாக்கல் செய்து கொடுக்கிறேன்.

மகனைப் பள்ளிக்கும், மகளைக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டு, 10 மணிக்கு உட்கார்ந்தால், நிமிர நேரமிருக்காது. பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது, பைலுக்கு அட்டை போடுவது, கூட்டியதையே மறுபடி கூட்டிப் பார்ப்பது என, பொழுது ஓடிவிடும். 'என்னமா உழைக்கிறோம்' என, எனக்கே பெருமை!

சென்ற ஆண்டு, என் வருமானத்தில் பாதியைத் தந்து வந்த ஒரு மொத்த வியாபாரி, தொழிலை மகனிடம் ஒப்படைத்தார். மகனோ, கணக்கைத் தன் நண்பரிடம் கொடுத்து விட்டார். ஒரே நாளில் ஒரு கை ஒடிந்தது போலாயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு, என் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போயின.

அன்றும் நான் பைலைத்தான் அடுக்கிக் கொண்டிருந்தேன். பார்த்த மாமியார், 'ஏம்மா... கடையைப் பெருக்கிக் கோலம் போட்டா மட்டும் போதுமா? வாசல்ல நின்னு நாலு பேரைக் கூப்பிட வேணாமா? ரெண்டு வருஷத்துல புதுசா எத்தனை கடை ஏறி எறங்கின?' என்றார்.

யோசித்துப் பார்த்தால், ஒன்று கூட இல்லை!

நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. 'பொம்பளை, வேலை கேட்டு கடை கடையா ஏறுறாளே'ன்னு சொல்லிடுவாங்களோ என்ற வெட்கம். முகத்துக்கு நேரே, 'வேண்டாம்' என்று விட்டால் என்ற பயம். பைல், 'வேண்டாம்' என்று சொல்லாதே! அதனால், அதற்குள்ளேயே ஒளிந்து கொண்டேன்.

நம் நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் ஆர்.சிவபோகம், சென்னையில் தொழில் நடத்தியவர். 1933ல் தேர்வில் தேறினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள், இத்தொழிலில் பதிவு செய்ய முடியாது என்ற தடை குறுக்கே வந்தபோது, வழக்காடி வென்று தொழில் துவங்கினார். பெண் ஆடிட்டரையே பார்த்திராத ஊரில், அவரும் என்னைப் போல் பேரேட்டுக்கு அட்டை போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தால், என்ன ஆகியிருக்கும்?

வேலையைப் பிரித்தேன். ஆண்டு விற்பனை, 5 கோடி ரூபாய்க்குள் உள்ளோர், வரியை மாதாமாதம் கட்டி, ரிட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி, 2021 முதல் உள்ளது. சிறிய கடைக்காரர்களைக் கேட்டு, அதற்கு மாற்றினேன். பில் பதிய, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பகுதி நேரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பைலைத் தொடுவதில்லை. கடைவீதிக்குக் கிளம்பி விடுகிறேன். கெடு தேதிகளான, 11ம், 20ம் தேதியை ஒட்டி மட்டும் போவதில்லை. இருப்பவர்களைக் கைவிட்டு, புதியவர்களைத் தேடக் கூடாதல்லவா!

முதலில் ஏறிய மூன்று கடைகளிலும், 'வேண்டாம்மா' என்றனர். உயிர் ஒன்றும் போய்விடவில்லை. நாலாவதாக, ஒரு பாத்திரக் கடை. உள்ளூர் விற்பனை மட்டும்தான். ஆண்டுக்கு, 40 லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை. 'அண்ணே, உங்களுக்குப் பதிவே தேவையில்லை' என்றேன். அந்த நேர்மைக்காகவே, அவர் தெரிந்தவர்கள் இருவரை அனுப்பி வைத்தார். இப்போது புதிதாக, ஐந்து கடைகள். ஒரு வளையலை மீட்டாயிற்று. மற்றதும் பொங்கலுக்குள் வந்துவிடும்.

தையல், டியூஷன், அழகு நிலையம் என, வீட்டிலிருந்தே தொழில் செய்யும் சகோதரிகளே... நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தேன் என்று திருப்திப்படாதீர்கள். இன்று செய்ததில், நாளைக்குச் சோறு போடும் வேலை எது என, படுக்கும் முன் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டால், வேலை நம்மைத் தேடி வராதும்மா!

— ஒரு வாசகி, அடி அண்ணாமலை.